பிறந்தநாளுக்குக் கதவு தட்டினேன்

கிராம உத்தியோகத்தர் வேலையில் ஒரு வசதி, பகுதியில் நம்மைத் தெரியாதவர் ஒருவருமில்லை. ஒரு குறை, நம்மோடு சும்மா கதைக்கிறவரும் ஒருவருமில்லை. யார் வீட்டில் யார் வந்து தங்குகிறார் என்று பதிகிற புத்தகம் நம் கைப்பையில்தானே இருக்கிறது. அரசாங்கக் கதிரையில் இருந்துகொண்டு பிள்ளை வளர்க்கிற அம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், என் பிரிவிலேயே, வாடகை ஃபிளட் ஒன்றில் நானும் மகள் அபியும் இருக்கிறோம். அபியின் அப்பா வவுனியாவில் ஆசிரியர். மாதம் ஒருமுறை வருவார். அபிக்கு ஐந்து வயதாகப் போகிறது. போன பிறந்தநாளுக்கு நாங்கள் மூன்று பேரும்தான் கைதட்டினோம். இந்த முறை விளையாட ஒரு பிள்ளையாவது வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நானாவின் கடை

கேக்குக்கு மாவும் சீனியும் வாங்கச் சந்திக்கடைக்குப் போனேன். வாசலில் மூன்று பெண்கள் ஒரு ரியூஷன் மாஸ்டரை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கேட்க ஆசைதான். என்னைக் கண்டதும், "வாங்கோ மிஸ், முதல்ல நீங்கள் வாங்குங்கோ" என்று விலகினார்கள். கதையும் அதோடு நின்றது.

கடைக்கார முஸ்லிம் நானா சீனியை நிறுத்தபடி சொன்னார்: "நீங்க வந்தாத்தான் மிஸ் இந்தக் கடை அமைதியா இரிக்கிது. அவசரமில்லாட்டி கொஞ்சம் நின்டுட்டுப் போங்க."

கரடிகளின் வரிசை

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி, வர ஏலாது என்று அவர் போன் எடுத்தார். அபியிடம் சொன்னேன். அழவில்லை, எழும்பி அறைக்குள் போனாள். எட்டிப் பார்த்தால், கரடிப் பொம்மைகளைச் சுவரோடு வரிசையாக வைத்துவிட்டு, முக்காலியில் என்னைப்போல் பேனையோடு இருக்கிறாள். கடைசிக் கரடிக்கு மட்டும் தலையைத் தடவிச் சொன்னாள்: "உங்கட அப்பா வரேல்லையோ? பரவாயில்லை, நாளைக்கு வாங்கோ."

மேல்மாடிக் கதவு

வெள்ளிக்கிழமை பின்னேரம் அபியையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். சில வீடுகளில் டிவி சத்தம் கேட்டது, நான் தட்டியதும் அதுவும் நின்றது. திறந்த வீடுகளில், "பார்ப்பம் மிஸ்" என்றார்கள்.

மேல்மாடி ரஜனி அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மகளின்ர பிறந்தநாள், பிள்ளையளோட வாங்கோ" என்று நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவருடைய கண் என் கைப்பையில் இருந்தது. "தம்பி ஊரிலயிருந்து வந்து ரெண்டு நாள்தான் மிஸ். பதியிற அளவுக்கு இல்லை."

கேக் வெட்டிய நேரம்

ஐந்து மணிக்கென்று சொல்லியிருந்தோம். ஆறு மணியானது. அபி புதுச் சட்டையோடு வாசலை விட்டு அசையவில்லை. கேக்கை எடுத்து உள்ளே வைப்போமா என்று நான் யோசிக்கும்போது வாசல் மணி அடித்தது. ரஜனி அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும்.

வேறு ஒருவரும் வரவில்லை. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளும் கட்டிலில் ஏறிக் குதித்த சத்தத்துக்குக் கீழ்மாடிக்காரர் வந்து ஏசியிருந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான். ரஜனி அக்கா கதிரை நுனியில் இருந்து, பலூன்களையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது துண்டு சாப்பிடும்போதுதான் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"குறை நினையாதேங்கோ மிஸ், பிறந்தநாளெண்டு சொன்னதை நான் நம்பேல்லை. தம்பியை நேற்று இரவே லொட்ஜுக்கு அனுப்பிப்போட்டன். இல்லாட்டி அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

ஆகவே அம்மாமாரே, பிறந்தநாளுக்குச் சொல்லப் போகும்போது கைப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையை முன்னால் விடுங்கள். அப்படிச் செய்தாலும் ஆட்கள் வருவார்கள் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன்.