பதினோரு மணி டீயும் மேற்குச் சுவரும்

ஈரம் காயாத சுவரைப் பாதியில் நிறுத்தி, மூன்று கொத்தனார்களைச் சாரத்திலிருந்து டீ குடிக்க இறக்கியவன் நான். போதையில் இல்லை, முழு நிதானத்தில், புத்தக அறிவோடு செய்தேன்.

பனியன் கம்பெனியில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு மணிக்கு மணி அடித்தால் எங்களிடம் ஒற்றைக் கை தைத்த பனியன் அப்படியே ஊசிக்குக் கீழே கிடக்கும்; ஆள் டீ கேனுக்கு முன்னால் நிற்பார். தொழிலாளர் வரலாறு பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வேறு வைத்திருக்கிறேன். அன்று லீவு போட்டு, என் வீட்டு மேற்குச் சுவரின் வெளிப்பூச்சை மேற்பார்வை பார்த்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நிறம் கலந்தே மூட்டையில் வரும் பூச்சு அது. மேலே பெயின்ட் கிடையாது. விழுந்த கோடு விழுந்ததுதான். அதனால் சாரத்தின் மூன்று தட்டிலும் தட்டுக்கு ஒருவராக நின்று, மேல்தட்டுக்காரர் விட்ட விளிம்பு காய்வதற்குள் கீழ்த்தட்டுக்காரர் தன் பூச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்துத் தேய்த்துவிட வேண்டும். தலைமைக் கொத்தனார் தூத்துக்குடிப் பக்கம். எதிர் வீட்டு அம்மா தன் மாடி வீட்டு வேலையை அவருக்குத் தருவதா வேண்டாமா என்று, இந்தச் சுவரைச் சாயங்காலம் பார்த்துவிட்டுத்தான் சொல்வதாக இருந்தார். அந்த அம்மா சாமளாபுரத்தில் தறி ஓட்டிய குடும்பம். துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

மணி பதினொன்று. கீழிருந்து குரல் கொடுத்தேன்.

"டீ வந்தாச்சுங்க, எல்லாரும் எறங்குங்க!"

"இப்பம் முடியாது சார். காத்து என்னா அடி அடிக்கு, பாத்தியளா?" என்றார் தலைமைக் கொத்தனார்.

"வேலை கெடக்குதுங்க. டீ உங்க உரிமைங்க."

"உரிமை எங்க சார் போயிரப் போவுது? அரை மணி நேரம் கழிச்சு வாங்கிக்கிடுதோம்."

நான் விடவில்லை. வீட்டுக்காரன் சொல்லைத் தட்ட முடியாமல் இறங்கினார்கள். டீ குடிக்கப் பத்து நிமிடம். எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்று நான் விளக்கியதற்கு இருபது நிமிடம்.

மறுபடி ஏறிய தலைமைக் கொத்தனார் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஆனிக் காற்று அதை அப்பளமாக்கியிருந்தது. கீழ்த்தட்டுப் பூச்சைச் சேர்த்துத் தேய்த்ததும், சுவரின் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியதுபோல ஒரு கோடு.

"வெயில் சாஞ்சு அடிக்கும்போது பளிச்சுன்னு தெரியும். அந்தம்மா வேலை போச்சு சார்" என்றார்.

கோட்டை அண்ணாந்து பார்த்தேன். "வழியே இல்லீங்களா?"

"பூசுனத வழிச்சிட்டு மேலேருந்து திரும்பப் பூசணும். மூட்டைக்கு எங்க போக? புதுசா வாங்குனா நெறம் ஒத்துப்போவுமோ என்னமோ."

மூட்டை இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து லாட் மாறி, நிறம் பிசகி வந்த துணியால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால் எல்லா மூட்டையும் ஒரே லாட்டில் வேண்டும், கூடுதலாக நான்கு வேண்டும் என்று கடையில் அடம் பிடித்திருந்தேன். "மிச்சம் எதுக்கு சார், இன்னொரு வீடு கட்டப் போறியளா?" என்று அப்போது சிரித்து, அதோடு மறந்துவிட்ட கொத்தனார், இப்போது மூட்டையின் லாட் எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார்.

வழித்தார்கள், நனைத்தார்கள், மேலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மூவரும் ஒருவருக்கு ஒருவர் ஓரடி பின்னால், படிக்கட்டுபோல நகர்ந்தார்கள். என் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "அவங்க முடிக்கற வரைக்கும்" என்றார்.

ஐந்து மணிக்கு வெயில் சுவரில் சாய்ந்து விழுந்தது. ஓடிப்போய்க் கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, ஒற்றைக் கண்ணால் மேலும் கீழும் பார்த்தேன். கோடு இல்லை. பதினொன்றரைக்கு இழுத்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

எதிர் வீட்டு அம்மா வந்தார். கையை நெற்றியில் குடையாக வைத்து மூன்று பக்கமும் நின்று பார்த்தார். தடவப் போனவரை, "ஈரம் காயலம்மா" என்று கொத்தனார் தடுத்தார்.

"எங்க ஊட்டையும் நீயே பூசிக் குடுத்துரு கண்ணு."

கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டியது எனக்கும் இருந்தது. "ரொம்ப சந்தோசங்க" என்றேன், ஏதோ நானே பூசியதுபோல.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "மாடியில நின்னு காத்தாலயிருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். எங்க ஊட்டு வேலை நடக்கறப்ப மட்டும், லீவு போடாம கம்பெனிக்குப் போயிருங்க சாமி."