கடிக்காத பூட்ஸ்

திருபுவனையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் எல்லோருக்கும் புது லெதர் பூட்ஸ் கொடுத்தார்கள். செருப்பு எட்டு நம்பர்தானே என்று, போட்டுப் பார்க்காமலே நானும் எட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாளே ஆளாளுக்கு நொண்டினார்கள். நான் மட்டும் விறைப்பாக நடந்தேன். "உங்களுக்கெல்லாம் பஞ்சுக் காலுப்பா. எனக்குக் கடிக்கவே இல்ல" என்று கிண்டல் வேறு.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் செக்‌ஷன் மேரி அலறிவிட்டாள்.

"அண்ணா, சாக்ஸு இன்னா இப்படி ரத்தமா கீது?"

குனிந்து பார்த்தேன். குதிகால் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருந்தது.

"ரொம்ப வருஷமா உங்களுக்கு சுகர் இருந்திருக்கு. கால்ல உணர்ச்சி போயிடுச்சு" என்றார் டாக்டர்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இப்போது ஒன்பது நம்பர். தினமும் போடுவதற்கு முன், கல் ஏதாவது கிடக்கிறதா என்று பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "பூட்ஸ் கடிக்குதுண்ணா" என்று முனகும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.