சங்கிலிப் பதக்கமும் பழப்புளியும்

பழைய பதக்கம் விற்கிற கடையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு பதக்கமும் கிடைக்காது. பக்கத்தில் நிற்பவனுக்கு மாலை விழும்போது கைதட்டிப் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

2005 அளவில் மொன்றியல் நகர நடுவில் ஒரு வயதான மடாமின் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பதக்கங்களெல்லாம் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையோடு தான் ஓய்வெடுப்பதாகவும், அலுமாரிச் சாவி எங்கள் இருவரில் ஒருவருக்கு என்றும் மடாம் சொல்லியிருந்தார். மற்றவன் யேசுதாசன். மன்னார்க்காரன், எனக்கு நாலு வருசம் பிந்திச் சேர்ந்தவன். அவனுடைய பிரெஞ்சு தண்ணீராக ஓடும். எனக்கு அவன்மேல் பொறாமை, அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஒரே கை

ஒரு பேராசிரியர் இரண்டு பதக்கங்களைப் பார்க்க வந்தார். அரசன் மக்களுக்குச் சத்தியம் செய்யும் பதக்கம் ஒன்று, அரசன் தொலைந்தான் என்று கொண்டாடும் பதக்கம் ஒன்று. அந்தக் காலத்தில் பதக்கம்தான் சுவரொட்டி, ஆட்சியைப் பிடித்தவன் அடித்து ஊரூராக அனுப்புவான் என்று யேசுதாசன் விளக்கினான். அதையெல்லாம் நானும் சென்ட் லோரன்ட் பஸ்ஸில் அகராதியோடு இருந்து படித்தவன்தான். வாயைத் திறந்தேன். பேராசிரியர் என்னிடம் ஒரு பை கேட்டார். போகும்போது அவனிடம் சொன்னார்: "இரண்டையும் செதுக்கினது ஒரே கை. ஆட்சி மாற, படத்தை மட்டும் மாற்றியிருக்கிறான்."

போகாதவர்கள்

துறைமுகத்தில் லொறி ஓட்டும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். தமிழ் ஆள், விடுவேனா? புரட்சியில் சிறையை உடைத்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்ததையும், பிறகு அந்தப் பக்கமே போகாதவர்களும் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்ததையும், உடைத்த சிலர் வெறும் நெஞ்சோடு வீட்டுக்குப் போனதையும் கைகால் ஆட்டிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாக் கதைக்கிறீர் ஐசே. அந்தத் தம்பி சொன்னா இன்னும் விளங்கும், ஒருக்காக் கூப்பிடுமன்."

வெள்ளிக்கிழமை மினுக்கல்

ஒரு பழைய வீட்டிலிருந்து மடாம் பார்த்து வாங்குவதற்காகப் பெட்டியொன்று வந்தது. உள்ளே ஒரு கறுத்தப் பதக்கம். உடைத்த சிறையின் சங்கிலியை உருக்கி வார்த்த இரும்பு என்று அதிலேயே பொறித்திருந்தது. என் கைபட்டு அது பளபளக்க வேண்டும், மடாம் அசர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மனைவி குத்துவிளக்கு மினுக்கும் பழப்புளியை அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு கொண்டுபோனேன். யேசுதாசன் சாப்பிடப் போன நேரம் பின்பக்கத் தொட்டியில் வைத்துத் தேய்த்தேன். கறுப்புப் போய் மஞ்சளாக மின்னியது.

திரும்பி வந்தவன் திகைத்து நின்றான். "அண்ணை, பழசை மினுக்கினா மதிப்புப் போயிடுமெல்லோ." பார்சல் கட்டுகிறவனுக்கு அதை யார் சொன்னார்கள்? அதற்குள் மடாம் வந்துவிட்டார். யேசுதாசன் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினான். இரும்பு மஞ்சளாகாது, இது கறுப்புப் பூசிய பித்தளை, போலி, கண்டுபிடித்தவர் அண்ணைதான் என்றான். அந்தளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். மடாம் என் புளிக் கையைப் பார்த்தார், அவனைப் பார்த்துச் சிரித்தார், சாவியை அவனிடம் நீட்டினார்: "தான் கண்டுபிடித்ததை அடுத்தவர் பெயரில் சொல்கிற பிள்ளை, உன்னை நம்பித் தரலாம்."

லொறிக்காரருக்கு நான் கைகால் ஆட்டிச் சொன்ன கதையில், சிறையை உடைத்துவிட்டு வெறும் நெஞ்சோடு வீட்டுக்குப் போனவன் நான்தான்.