நீராவிப் பெட்டிக்குச் சுற்றிய துண்டு

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஈரோட்டுப் பக்கம் மூன்று அரிசி ஆலைகளுக்குப் பாய்லர் அமைத்துக் கொடுத்தவன் நான். மழையில் சாய்ந்த புகைபோக்கியை நான்கே ஆளை வைத்து நிமிர்த்தினேன். இனி ஓடாது என்று எஞ்சினியர்கள் கைவிட்ட பாய்லரில் நெல் அவித்துக் காட்டினேன். மகளைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்து டெக்சாஸ் வரை அனுப்பினேன். அங்கே போயும் ஒன்று செய்தேன். அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் மனைவியும் பிளானோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அந்தக் காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் மின்சார ரயில் விடுவதற்கு முன், நீராவியில் ஓடுமா என்று சோதித்துப் பார்த்த ஒற்றை ரயில் பெட்டி ஒன்றை, ரிட்டையரான வெள்ளைக்காரர்கள் சிலர் பக்கத்துக் கொட்டகையில் பழுதுபார்த்து வந்தார்கள். பெட்டியின் மூலையிலேயே சின்ன பாய்லர். அதை ஓட்டிப் பார்க்கும் நாளில் மகள் எங்களைக் கூட்டிப்போனாள்.

கிளம்பும்போது என் தோளைப் பார்த்தாள்.

"அப்பா, ப்ளீஸ். துண்டு மட்டும் வேண்டாம்ப்பா. எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க."

நாற்பது வருஷம் தோளில் கிடந்த துண்டு. எடுத்து நாற்காலியில் போட்டேன். சட்டையில்லாமல் தெருவுக்கு வந்தது போலிருந்தது.

நல்ல ஆகஸ்ட் வெயில். நெருப்பு பிடித்தது, அழுத்தம் ஏறியது. ஆனால் பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் தள்ள மறுத்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடித்துவிடும் என்று, அதைக் கவனித்த கிழவர் நெருப்பை வாரி வெளியே கொட்டத் தயாரானார். எத்தனை நாள் உழைப்போ!

"இன்ஜெக்டர் சூடேறிக் கெடக்குது. ஈரத்துணி சுத்துனா புடிச்சுக்கும்னு அவருகிட்டச் சொல்லு சாமி" என்றேன் மகளிடம். "என்ற துண்டு மட்டும் இருந்திருந்தா..."

மனைவி கைப்பையைத் திறந்தாள். "இந்தாங்க. இது இல்லாம மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

ஐஸ் பெட்டித் தண்ணீரில் நனைத்துச் சுற்றினேன். வால்வைத் திறந்தார்கள். இன்ஜெக்டர் துப்பியது, இருமியது, பிறகு கிர்ரென்று பிடித்துக்கொண்டது. பெட்டி கொட்டகையை விட்டு வெளியே உருண்டது. கிழவர் பிடித்த என் கையை விடவேயில்லை. ஓட்டம் முடிந்ததும் மகளே துண்டை அவிழ்த்து, பிழிந்து, உதறி, என் தோளில் போட்டாள்.

நாங்கள் ஊர் திரும்பியபின் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். பெட்டிக்குப் பக்கத்தில் பலகை. பழுதுபார்த்து ஓட்டியவர்கள் என்று ஒன்பது பெயர்கள். என் பெயர் இல்லை.

"ஒரு துண்டுக்குக் கல்வெட்டுங்களா?" என்று சிரிக்கிறாள் மனைவி.

ஆமாம், கல்வெட்டுதான். பத்தாவதாக என் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே, துண்டைக் கொண்டுவந்தவள் என்று அவள் பெயரையும் போடுங்கள்.