பெட்டியில் சொருகாத வயர்

மாமா கடைசியாக வாசித்த மூன்று கல்யாணங்களில் இரண்டில் நான் சாப்பாட்டை மட்டுமே கவனித்தேன். மூன்றாவதைக் கெடுத்தது நான்தான்.

அவர் அம்மாவின் தம்பி. எழுபதுகளின் இறுதியில் செந்தூலில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்தார். ராக் கேட்க ஆள் குறைவு என்பதால் கல்யாண விருந்துகளில் தமிழ்ப் பாட்டு வாசித்துவிட்டு, முடிவில் மட்டும் ஓர் ஆங்கிலப் பாட்டை வெளுத்து வாங்குவார்கள். அதன் நடுவே மாமா தனியாக இரண்டு நிமிடம் வாசிப்பார். அதற்காகவே குழுவைக் கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள்.

அவர் வாசித்த கடைசி ஆண்டில் அவருக்கு நரம்பு நோய் வந்தது. இடது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பேச்சைக் கேட்க மறுத்தன. முன்பே ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் மூன்று இருந்தன. தீராத நோயுள்ளவரை மணமேடை அருகே உட்காரவைக்க எந்தக் கல்யாண வீட்டாரும் சம்மதிக்கமாட்டார்கள். அதனால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அத்தை எங்களை எச்சரித்திருந்தார்.

மூன்றாவது கல்யாணம் கிள்ளானில், ஒரு ஞாயிறு மதியம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். விரல்கள் கம்பிகள்மேல் அசைந்தன. இசை துல்லியமாக வந்தது. எனக்கு ஒன்பது வயது. மேடைப் படியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன்: அவருடைய கிட்டார் வயர் ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகாமல் தரையில் கிடந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் மறைந்திருந்து இன்னொருவர் அவருக்காக வாசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மாமா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தனியாக வாசிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துச் சொருகினேன்.

படார் என்று ஒரு சத்தம். பின்னால் வாசித்தவர் திகைத்து நிறுத்திவிட்டார். மாமாவின் கிட்டார் மட்டும் கேட்டது. ஒரு சுரம் வந்தது, அடுத்தது வரவில்லை, மூன்றாவது தகரத்தில் ஆணி கீறியதுபோல் வந்தது. சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன.

"ஏய், பிடுங்கு லா!" என்று டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

மாமா வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விடுடா, இருக்கட்டும்" என்றார் டிரம்ஸ்காரரிடம்.

இரண்டு நிமிடத்தையும் வாசித்து முடித்தார். முன்வரிசையில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை.

பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். "என்ன தம்பி, பட்டப்பகல்லயே ஏத்திட்டியா?"

பீர் பாட்டிலைக்கூடத் தொடாத மாமா தலையாட்டினார். "ஆமாண்ணே, கொஞ்சம் ஓவராப் போச்சு லா. சாரி."

மண்டபம் சிரித்தது.

"மாமா குடிக்கவே மாட்டாரு! அவருக்கு..." என்று நான் கத்தினேன். அதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

திரும்பும்போது வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. மாமா மட்டும் திரும்பி, "நானே வாசிச்சதக் கடைசி வரைக்கும் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் மாமா."

நன்றாக இருந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி என்று, ஒரு பொய்யைத் தயாராக வைத்துக் காத்திருந்தேன். செந்தூல் வரும்வரை அவர் அதைக் கேட்கவே இல்லை. ஜன்னலோரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்ட மனிதர் எதற்காகச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.