லைன் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பக்கத்தில் கறண்ட் போனால் ஆரும் சும்மா காத்துக்கொண்டு இருப்பதில்லை. லைன் பார்க்கப் போவோம். கம்பி போகிற வழியே போய், கொப்பு முறிந்து விழுந்த இடத்தையோ யானை சாய்த்த தூணையோ கண்டுபிடித்து, இடத்தைச் சொன்னால் திருத்துகிற ஆட்கள் கெதியாய் வருவார்கள். காட்டோரத்துக் கம்பி. தேடிப் போனால் ஏதாவது அகப்படும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை போல கறண்ட் நின்றது. அம்மாவின் குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குள் நாற்பது முட்டை. வைத்துப் பதினெட்டு நாள். அதுவரை கோழிகளை அடை வைத்துக்கொண்டிருந்த அம்மாவை மெஷின் வாங்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது நான்தான். எங்கள் வீட்டில் கம்பசுக்குப் படிக்கப் போன முதல் ஆள் என்றபடியால், பிளக்கில் கொழுவுகிற சாமான் எல்லாவற்றுக்கும் என் சொல்தான் சொல்.

“தம்பி, முட்டையளை எடுத்துக் கோழிக்குக் கீழ வைக்கட்டோ?”

“வேண்டாமம்மா. மூடியைத் திறந்தா சூடு போயிடும். அரை மணித்தியாலத்தில கறண்ட் வந்திடும். நான் லைனைப் பாத்திட்டு வாறன்.”

பக்கத்துக் கடை நானாவும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். “ஏறு தம்பி. விட்டா ஐஸ்கிரீமை எல்லாம் சர்பத் எண்டுதான் விக்கவேணும்.”

ஒட்டுசுட்டான் பக்கம் போகிற கம்பியை அண்ணாந்து பார்த்தபடி தூண் தூணாய்ப் போனோம். ஒரு பாலைமரக் கொப்பில் சந்தேகம் வந்து இறங்கிக் கனநேரம் பார்த்தோம். கம்பியில் முட்டவில்லை. இரண்டு இடத்தில் யானை லத்தி கிடந்தது. தூண்கள் நேராகத்தான் நின்றன. சந்திக்கு வரவே ஒன்றேகால் ஆகிவிட்டது. தேநீர்க் கடைக்காரர் கையில் ஃபோனோடு நின்றார்.

“முழு இலங்கையிலும் இல்லையாம். தெற்கில ஒரு கறண்ட் நிலையத்துக்குள்ள குரங்கு பாய்ஞ்சதாம்.”

“அட, நாங்க இஞ்ச யானையை எல்லோ தேடுறம்!” நானா வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் அம்மா மெஷினின் மேல் இரண்டு போர்வையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தா. கூட்டுக்குள் எங்கள் அடைக்கோழிகள் இரண்டும் கொறுகொறுத்தன.

“ஏனம்மா கோழிக்கு வைக்கேல்லை?”

“நீதானே திறக்க வேண்டாமெண்டனி.”

திறந்தோம். முட்டைகளில் சூடு பாதியும் இல்லை. இரண்டு கோழிக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாய் வைத்தோம். மிச்சப் பதினாறுக்கு நானாவின் மனுசி தன் அடைக்கோழியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தா. “அடை தெளியட்டுமெண்டு விடியத்தான் தண்ணிக்குள்ள முக்கினனான். கோவத்தில நிக்குது, கையைக் கவனம்.”

நல்லாய்க் கொத்தியது. பிறகு சிறகை விரித்துக்கொண்டு முட்டைகளின் மேல் இருந்தது.

பின்னேரம் மெஷினில் லைட் எரிந்தது. “திருப்பி இதுக்குள்ள வைக்கிறதோ?” என்று அம்மா என்னைத்தான் கேட்டா.

“தெரியாதம்மா.”

“அப்ப அங்கயே கிடக்கட்டும்.”

மூன்று நாலு நாளில் இருபத்தேழு குஞ்சு வந்தது. மிச்சம் பதின்மூன்றையும் அம்மா ஒவ்வொன்றாய்க் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தோடை மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டா.

மெஷின் இப்பவும் ஓடுகிறது. கறண்ட் போனால் முதலில் தெற்கே காலி நகரத்தில் இருக்கிற கம்பஸ் கூட்டாளிக்கு ஃபோன் எடுக்கிறேன். அங்கே கறண்ட் இருக்கிறதென்றால்தான் லைன் பார்க்கப் போவேன். அங்கேயும் இல்லையென்றால் அம்மாவிடம் மூடியைத் திறக்கச் சொல்வேன்.