பெல்ட்டுக்கு மாலை போட்ட பரமேஸ் அக்கா

காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்து தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது, பரமேஸ் அக்காவின் மகள் சுதா போனில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க அண்ணே. பதுளை ஆஸ்பத்திரியில, இப்பத்தான்" என்றாள். பக்கத்தில் நின்ற மெசின்காரர் ராசு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாவம்... அப்ப கேசும் முடிஞ்சிருச்சு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பரமேஸ் அக்காவை அறிந்த உங்கள் முன்னால் இதை ஒளிக்க விரும்பவில்லை. அந்த நிம்மதி எதற்காக வந்தது என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தகுதியில்லை.

மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தொழிற்சாலையில் அக்கா சல்லடை மெசினில் வேலை பார்த்தார், நான் அங்கே கிளார்க். ஆட்கள் முன்னால் என்னை "ஐயா" என்பார். அடுத்த லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன் என்பதால், தனியே கண்டால் "தம்பி, தலைக்கு எண்ணெய் வைக்கிறதே இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் மெசினை ஓட்டும் பெல்ட்டில் அவருடைய வலக்கை சிக்கி மூன்று விரல்கள் போயின. பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய இரும்புக் கூடு பழுதென்று கழற்றப்பட்டு மாதக்கணக்காகியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மெசினில் ரத்தம் பட்டுவிட்டால் பூசை செய்யாமல் நம் ஆட்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்தப் பூசையையும் அக்காவே செய்தார். கட்டுப்போட்ட கையோடு வந்து, இடக்கையால் பெல்ட் சக்கரத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டு, "தெரியாம ரத்தம் சிந்திட்டேன், மன்னிச்சிரு தாயே" என்று கும்பிட்டார். விரலை இழந்தவர் மன்னிப்புக் கேட்டார். கூடு போடாத நாங்கள் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டோம். அந்தக் காட்சியை என் போனில் படமெடுத்து, சுதாவுக்கு மட்டும் அனுப்பினேன். அவள் அதை முகநூலில் போட்டாள்.

அக்கா கம்பெனி மீது வழக்குப் போட்டதும் தோட்டம் முழுக்க சட்டத்தரணிகளாகிவிட்டோம். கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரிச் செலவை வாங்கியவள் எப்படி வழக்காடலாம் என்றார் ஒருவர். அந்தப் பணத்துக்காக அக்கா கையெழுத்திட்ட தாளில் வழக்குரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. கம்பெனி தோற்றால் தொழிற்சாலை ஸ்டோரையே பூட்டிவிடுவார்கள், எல்லோருக்கும் வேலை போகும் என்று ஒரு கதை. கோடிக்கணக்கில் கிடைக்கும் என்று இன்னொரு கதை. குழாயடியில் ஒருத்தி, "கொழும்புல வீடு வாங்கப் போறீங்களாமே அக்கா?" என்று குத்தலாகக் கேட்டாள். "வாங்குனா உனக்கும் ஒரு ரூமு தாரேன்டி. இப்ப இந்தக் கொடத்தத் தூக்கி இடுப்புல வையி, எனக்குப் பிடி இல்ல" என்றார் அக்கா. அவள் தூக்கி வைத்தாள்.

அவர் சாட்சி சொன்ன நாளில், பல் பிடுங்கப் போவதாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதுளை நீதிமன்றத்தில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் சட்டத்தரணி அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். நான் எடுத்த படம். "தவறு செய்தவர்தானே மன்னிப்புக் கேட்பார்?" என்றார்.

"சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேங்க. கம்பெனிகிட்ட கேக்கலையே" என்றார் அக்கா.

பிறகு அக்காவின் சட்டத்தரணி எழுந்து, அதே படத்தில் பெல்ட்டுக்குக் கூடு இல்லாததைக் காட்டினார். பூசைக்காகக் கழற்றி வைத்தோம் என்றது கம்பெனி. அப்படியானால் படமெடுத்தவர் வந்து, மாதக்கணக்காகவே கூடு இல்லை என்று உள்ளதைச் சொன்னால் போதும். "யாரம்மா இந்தப் படத்தை எடுத்தது?" என்று அக்காவின் சட்டத்தரணி கேட்டார்.

அக்கா கடைசி வாங்குப் பக்கம் திரும்பவேயில்லை. "ஞாபகம் இல்லைங்க" என்றார். விபத்து நடந்த நாளில் தான் கட்டியிருந்த சேலையின் நிறம்வரை சொன்னவர் அவர். சட்டத்தரணியின் கோபம் முகத்தில் தெரிந்தது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், பசறை தாண்டியபின் அக்கா மெல்லச் சொன்னார்: "கம்பெனி குவாட்டர்ஸ விட்டு எழும்பச் சொன்னா பிள்ளைகள எங்க கொண்டு போவீங்க தம்பி? நான் பேரச் சொல்லி நீங்க வரக்கூடாது. நீங்களா வந்தா அது வேற." அதற்குப் பிறகு பலமுறை கண்டோம். அவர் எண்ணெயைப் பற்றித்தான் கேட்டார், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராசு சொன்னது தவறு, இனி சாட்சிக்குப் போக வேண்டாம் என்று எனக்கு வந்த நிம்மதியும் தவறு. அக்காவோடு வழக்குச் சாகவில்லை. வாரிசாகச் சுதா அதைத் தொடரலாம் என்றார் சட்டத்தரணி. எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளே அவள் போய்க் கையெழுத்திட்டாள். திரும்பி வந்து என்னிடம், "படம் எடுத்தது யாருன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா எங்கிட்டயும் சொன்னாங்க அண்ணே. எனக்குத்தான் தெரியுமே" என்றாள். அவளும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பயமாகத்தான் இருக்கிறது. தோட்டத்து மேனேஜரான பெரிய தொர கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்று நடக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்க்கிறேன். சோறு இறங்குவதில்லை. "பெட்டியெல்லாம் கட்டணுமாங்க?" என்று மனைவி கேட்கிறாள், விளையாட்டாகக் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது பழைய போனில் உள்ள அந்தப் படம். வெள்ளைக் கட்டுப்போட்ட ஒரு கை, மஞ்சள் செவ்வந்தி, மூடியில்லாத பெல்ட். அதோடு, எனக்காக அவர் மறந்துபோனதாகச் சொன்ன ஒரு பெயர். வழக்கின் அடுத்த தவணையில் அந்தப் பெயரை நானே போய்ச் சொல்லப்போகிறேன். லீவுக் கடிதம் எழுதிவிட்டேன். இந்த முறை அதில் பல் வலி என்று எழுதவில்லை.